தாடிக்காரர் வந்த நாள்

தபால் பையை மேசை மேல் கவிழ்த்ததும் முதலில் வந்து விழுந்தது அந்தக் கவர்தான். கூட வந்ததெல்லாம் வழக்கமான சங்கதி: பேங்க் கடிதங்கள், இன்சூரன்ஸ் நோட்டீஸ், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை. இது மட்டும் வெள்ளையாக, நீளமாக, தொட்டால் வழுக்குகிற காகிதத்தில் இருந்தது. வலது மூலையில் ஒரு தாடிக்காரர்.

நல்ல வெயில் காலம். ஃபேன் அனல் காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஸ்டாம்பைப் பார்த்தேன்.

கலரே கிடையாது. கறுப்புக் கோடுகளால் இழைத்து இழைத்து வரைந்த ஒரு கிழவர் முகம். தூக்கம் கெட்ட கண்கள். முகத்தைச் சுற்றித் தடிமனாக ஒரு கறுப்புக் கட்டம். கீழே ஒரு வருஷம், நடுவில் சின்னக் கோடு, இன்னொரு வருஷம். முத்திரை குத்தியவன் மை நிறைய வைத்துக் குத்தியிருந்தான். இரண்டு வருஷத்திலும் முன்பாதி மறைந்து, வால் மட்டும்தான் தெரிந்தது.

பிரான்ஸ் நாட்டு ஸ்டாம்பு. அந்த ஊர் நாவலாசிரியர் ஒருவருக்கு நினைவாகப் போட்டது. பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் நாக்கு அந்தப் பெயரை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கவரில் முகவரி இங்கிலீஷில், நான் பார்த்திராத ஒரு கையெழுத்தில் இருந்தது. பூங்காவனம், ஏழுமலை மனைவி.

எங்கள் தபால்காரர் வரதன் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார். கவரைக் கொடுக்கும்போது, பூங்காவனம் கிழித்துப் படித்து முடித்ததும் அந்த ஸ்டாம்பை மட்டும் எனக்குக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். அன்று மத்தியானமே மகளின் பிரசவத்துக்காக லீவு போட்டு விழுப்புரம் பஸ் ஏறிவிட்டேன்.

ஒட்டாத ஊர்

இந்தத் தொடரில் இதுவரை சிரிப்புக் கதையாகவே எழுதி வந்திருக்கிறேன். போன வாரம் மணியார்டர் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "போஸ்ட் ஆபீஸ் வேலை இவ்வளவு ஜாலியா?" என்று கேட்டிருந்தார். அம்மா, இந்த வாரத்தையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் கிளைத் தபால் நிலையம் நடத்தினேன். ஆபீஸ் என்றால் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் கண் கூசும் வெள்ளைப் பாத்திகள், அதற்கு அப்பால் கடல். நான் பிரம்மதேசத்துக்காரி, வயல் பார்த்து வளர்ந்தவள். இந்த உப்புக் காற்றை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. தராசு துருப்பிடிக்கும், சீல் துருப்பிடிக்கும், மனுஷனுக்கு மூட்டு துருப்பிடிக்கும்.

ஸ்டாம்புகளைச் சொல்லவே வேண்டாம். டிராயருக்குள் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். நடுவில் பவுடர் தூவி வைப்பேன். அதையே கவரில் ஒட்டினால் சாயங்காலத்துக்குள் உரிந்து விழும். கோந்து பாட்டில் இல்லாமல் ஆபீஸ் திறக்கவே முடியாது. "இந்த ஊர்ல ஒட்டக் கூடாதது ஒட்டும், ஒட்ட வேண்டியது ஒட்டாது, நம்ம மாப்பிள்ளை மாதிரி" என்பார் என் கணவர். எந்த மாப்பிள்ளை என்று இங்கே எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

ஸ்டாம்புப் பைத்தியம் எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்தது. புதுச்சேரியில் அத்தை வீட்டுக்கு எதிரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக் குப்பையில் கிடக்கும் கவர் மூலைகளைப் பொறுக்கி வந்து, டம்ளர் தண்ணீரில் ஊறப் போட்டு, ஸ்டாம்பை உரித்து எடுப்பேன். அழுக்கெல்லாம் போய் முகம் தெளிவாகும் அந்த நிமிஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மூலையைப் படிப்பவர்கள்

எங்கள் பக்கத்து ஜனங்கள் தபாலை முதலில் படிப்பது மூலையில்தான். மூலையில் மஞ்சள் இருந்தால் நல்ல காரியம். நேரே சாமி படத்துக்குக் கீழே போகும். ஓரத்தில் கறுப்பு மை இருந்தால் சாவு. கருமாதிப் பத்திரிகை. எழுத்தே தெரியாதவர்களும் இதைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள்.

கருமாதிப் பத்திரிகையைக் கையில் வாங்க மாட்டார்கள். "கீழ வெச்சிட்டுப் போங்க" என்பார்கள். வாசலில் நின்றபடியே படித்து, அங்கேயே கிழித்து எறிந்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அந்தக் காகிதம் நிலைப்படி தாண்டினால் அடுத்த சாவு அந்த வீட்டில் என்று நம்பிக்கை. எனக்கு இதெல்லாம் எரிச்சல். ஆனால் சொன்னால் யார் கேட்பார்கள்? என் மாமியாரே இப்படித்தான் செய்வார்.

அப்புறம் பேனர். ஒருவர் போய்விட்டால் பொழுது சாய்வதற்குள் ஊர் முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறிவிடும். பெரிய முகம். கீழே தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி. உயிரோடு இருக்கிறவன் முகத்துக்குக் கீழே யாரும் இரண்டு தேதி போட்டு எங்கள் ஊர் பார்த்ததே இல்லை.

சமையல்காரர்

பூங்காவனம் உப்பளத்தில் கூலி வேலை. நாற்பது வயது இருக்கும். பாத்தியில் உப்பு வாரி வாரிப் பாதம் வெடித்துப் போயிருக்கும். பேச்சு குறைவு. பிள்ளை இல்லை.

அவள் புருஷன் ஏழுமலை உப்பளத்துக்குப் போகாமல் தப்பித்தவர். குயிலாப்பாளையத்தில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா நடத்திய கெஸ்ட் ஹவுஸில் சமையல். அங்கே வந்து தங்கிய யாரோ ஆசை காட்ட, ஒரு ஏஜென்ட் பிடித்து, சுற்றிப் பார்க்கிற விசாவில் பிரான்ஸுக்குப் போனார். விசா முடிந்தது. அவர் திரும்பவில்லை. ஒரு தமிழ் ஓட்டலில் பின்கட்டில் பாத்திரமும் பரோட்டாவுமாகக் காலம் ஓட்டினார். பேப்பர் இல்லாதவர்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் வரும். உப்பு மேட்டில் உட்கார்ந்து பூங்காவனம் வீடியோவில் பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் தலையில் பூ இருக்கும். பொங்கலுக்குப் பிறகு போன் நின்றது. அவள் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். இப்படியே மாதங்கள் போயின. ஏழுமலையின் அண்ணன் கோதண்டம் நல்ல மனிதர்தான், ஆனால் முதலில் கெட்டதை நினைக்கிறவர். "ஏதோ ஆயிடுச்சு" என்று அவர்தான் முதலில் சொன்னார். பூங்காவனம் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் தாடிக்காரர் போனார்.

ஊர் முனையில் ஒரு பேனர்

பேரன் பிறந்த சந்தோஷத்தோடு லீவு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரே ஏழுமலை சிரித்துக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட சட்டை, கூலிங் கிளாஸ். கண்ணீர் அஞ்சலி. மறைவு என்று போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். நான் லீவில் போன நாள்.

வரதனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அவர் கவரை உப்பளத்துக்கே கொண்டுபோயிருக்கிறார். பூங்காவனம் பாத்திக்கு நடுவில் நின்றதால் வரப்பில் இருந்த கோதண்டம் வாங்கியிருக்கிறார். வாங்கினவர் மூலையைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டுப் பூங்காவனம் உப்பு இழுக்கும் வாரியைப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது ஊரே அழ ஆரம்பித்திருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே அந்த வீட்டுக்குப் போனேன். மறுநாள் காரியம். பந்தல் போட்டிருந்தது. உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்கிற மாதிரி, எரிப்பதற்கு வைக்கோலில் உருவம் கட்ட ஆள் சொல்லியிருந்தார்கள். பூங்காவனம் சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் பூவும், மறுநாள் விடியற்காலையில் போட்டு உடைப்பதற்காக வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையலும் இருந்தன.

கடிதம் எங்கே என்று கேட்டேன். கோதண்டம் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மூஞ்சி போட்டு, கீழ ரெண்டு வருஷம் போட்டு, சுத்தி கருப்பு அடிச்சு வந்துது மேடம். அந்த நாட்டுச் சாவு முத்திரைதான அது? உள்ள அத்தனையும் பிரெஞ்சு. நான் என்னத்த படிக்கிறது? கருமாதிக் காயிதத்த வீட்டுக்கு எடுத்தார முடியுமா? கிழிச்சு வாய்க்கால்ல வுட்டுட்டேன்."

உப்புக்குள் ஒரு முகம்

அவரையே இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன். தண்ணீர் போய்விட்டிருந்தது. கடிதத்தில் ஒரு துண்டுகூட இல்லை, மோட்டார் எல்லாவற்றையும் பாத்திகளுக்கு இழுத்துவிட்டது. கரையோரச் சேற்றில் கவரின் மூலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புப் பூத்து அப்பளத் துண்டு மாதிரி விறைத்திருந்தது.

அங்கேயே ஒரு டம்ளரில் குடிதண்ணீர் வாங்கி ஊறப் போட்டேன். உப்பு கரைந்தது, மையும் கொஞ்சம் கரைந்தது. தாடிக்காரர் எழுந்து வந்தார். முத்திரைக்கு அடியில் மறைந்திருந்த வருஷங்கள் லேசாகத் தெரிந்தன. நம் பாட்டனுக்குப் பாட்டன் காலம்.

கோதண்டம் அப்போதும் நம்பவில்லை. அன்றைக்கே இருவரும் குயிலாப்பாளையம் போனோம். கெஸ்ட் ஹவுஸ் அம்மா ஸ்டாம்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் இவருடைய நாவலைப் படிக்க வைத்து உயிரை எடுத்தார்கள் என்றார். ஏழை பாழைகளைப் பற்றி மூட்டை மூட்டையாக எழுதியவராம். நாங்கள் எதற்கு வந்தோம் என்பதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கவரின் பின்பக்கம் இருக்கிறதா, அனுப்பியவர் முகவரி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. தூதரகத்தில் விசாரிக்கட்டுமா என்றார். கோதண்டம் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். பேப்பர் இல்லாதவனை நாமே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

பொழுது சாயத் திரும்பினோம். பந்தலில் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் ஸ்டாம்பைப் பூங்காவனத்தின் உள்ளங்கையில் வைத்தேன். இவர் கதை எழுதுகிறவர், இவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இது சாவுச் சேதி சொல்கிற முத்திரை இல்லை என்றேன்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு?" என்றாள்.

"அவரைப் பத்தி இந்த ஸ்டாம்புல ஒண்ணும் இல்ல பூங்காவனம்."

நான் சொன்னது இவ்வளவுதான். இதில் பொய் ஒரு சொல் இல்லை. ஆனால் அந்தப் பந்தலில் இருந்த ஒருவர் காதிலும் நான் சொன்னது விழவில்லை. உயிரோடு இருக்கிறான் என்றுதான் விழுந்தது. யாரோ குலவை போட்டார்கள். வைக்கோல் கட்டை மாட்டுக்கு எடுத்துப் போனார்கள். பூங்காவனம் தட்டை இழுத்து, உடைக்க வாங்கிய வளையலை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். அந்தக் கையைப் பிடித்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வருமா?

பை வரும் நேரம்

அதன் பிறகு தினமும் பை வரும் நேரத்துக்குப் பூங்காவனம் ஆபீஸ் வாசலில் நிற்பாள். ஒரு கடிதம் வந்தால் இன்னொன்றும் வரத்தானே வேண்டும் என்பது அவள் கணக்கு. பையைக் கவிழ்ப்பேன். அவள் மூலைகளை மட்டும் பார்ப்பாள். தாடிக்காரர் இல்லை என்று தெரிந்ததும் உப்பளத்துக்குப் போய்விடுவாள்.

ஸ்டாம்பைப் போன் கவருக்குள் வைத்திருந்தாள். புருஷன் அனுப்பிய படம் மாதிரி அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள். நான் அதைக் கேட்டிருந்தது அவளுக்கு வரதன் மூலமாகத் தெரியும். "எங்க வீட்டுக்காரரு வந்ததும் குடுத்துடறேன் போஸ்ட்டம்மா" என்றாள். அவசரமில்லை என்றேன்.

பேனரையும் அவளே அவிழ்த்துக்கொண்டு போயிருந்தாள். எங்கள் பக்கம் பழைய பேனர் வீணாவதில்லை. மழை வந்தால் உப்பு அம்பாரத்துக்கு மேல் அதைத்தான் மூடுவார்கள். தலைவர்களும், காதுகுத்துப் பிள்ளைகளும், மஞ்சள் நீராட்டுப் பெண்களும் வருஷா வருஷம் எங்கள் உப்புக்குக் குடை பிடிப்பார்கள். ஏழுமலையும் ஒரு அம்பாரத்தின் மேல், முகம் உள்பக்கமாக, கல் வைத்து மூடப்பட்டார்.

ஒருத்தர் வந்தார்

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. ரெயின்கோட்டோடு ஒரு இளைஞர் ஆபீஸுக்குள் வந்து பூங்காவனம் வீட்டுக்கு வழி கேட்டார். பெயர் சகாயராஜ், புதுச்சேரிப் பையன். தங்கச்சி கல்யாணத்துக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு பிரான்ஸிலிருந்து வந்தவர். ஏழுமலையோடு ஒரே அறையில் இருந்தவராம். கையில் ஒரு துணிப்பை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அண்ணனுக்குக் காரியம்லாம் நல்லபடியா பண்ணாங்களாங்க? லெட்டரு வந்து சேந்துதுல்ல?"

லெட்டரில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்ட எனக்குத் தெம்பில்லை. பனி உறைந்த பின்படியில் ஏழுமலை வழுக்கி விழுந்து மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, நினைவு திரும்பாமலே போய்விட்டார். போன் உடைந்துபோனதால் ஊர் நம்பர் யாரிடமும் இல்லை. சகாயராஜுக்கும் பேப்பர் இல்லை, போலீஸ் பயம். பேப்பர் இல்லாதவர்களுக்கு உதவி செய்கிற ஒரு அம்மாவிடம் ஏழுமலையின் ரேஷன் கார்டு ஜெராக்ஸைக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாதான் கடிதம் எழுதினார். உடலை அனுப்பவா, இங்கேயே அடக்கம் செய்யவா, பதில் வரும்வரை வைத்திருக்கிறோம் என்று. எங்கள் பக்கம் பிரெஞ்சு எல்லாருக்கும் தெரியும் என்று பெருமையாகச் சொன்னது சகாயராஜ்தான். புதுச்சேரிக்காரர் புத்தி.

வைக்க முடிகிறவரை வைத்திருந்தார்கள். பதில் வரவில்லை. நாதியற்றவர்களைப் புதைக்கிற இடத்தில் ஒரு நம்பர் போட்டுப் புதைத்துவிட்டார்கள்.

"சாதா ஸ்டாம்பு ஒட்டலாம்னுதான் நான் சொன்னேன்" என்றார். "அந்தம்மாதான் கேக்கல. துக்கத்துல இருக்குற வீட்டுக்குப் போவுது, நல்ல ஸ்டாம்பா ஒட்டணும்னு தேடி வாங்கினாங்க. அவங்க ஊர்ல பெரிய ரைட்டராம்."

அந்த முகம் தெரியாத அம்மாவைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை. ஒரு பூப்போட்ட ஸ்டாம்பை ஒட்டியிருந்தால் கோதண்டம் அந்தக் கடிதத்தை யாரிடமாவது காட்டியிருப்பார். ஏழுமலை பெட்டியிலாவது ஊர் வந்து சேர்ந்திருப்பார். மூலையைப் பார்த்துக் கோதண்டம் படித்தது சரி. ஸ்டாம்பைப் பார்த்து நான் படித்ததும் சரி. கடிதத்தை மட்டும் யாரும் படிக்கவில்லை.

சகாயராஜோடு நானும் போனேன். துணிப்பையில் இருந்த சட்டைகளைப் பூங்காவனம் முகர்ந்து பார்த்தாள். ஓட்டல் எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. அப்புறம் மழையிலேயே எழுந்து போய், அம்பாரத்தின் மேல் இருந்த கற்களைத் தள்ளிவிட்டுப் பேனரை இழுத்தாள். உப்பு நனைகிறது என்று மேஸ்திரி சத்தம் போட்டார். அவள் காதில் வாங்கவில்லை.

கோந்து

புதுப் பேனர் அடிக்கலாம் என்றார் கோதண்டம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதற்குள் கிழவராகியிருந்தார். பூங்காவனம் இதே போதும் என்றுவிட்டாள். மறைவுத் தேதியை மட்டும் மாற்ற வேண்டும். சகாயராஜ் சொன்ன தேதியை நான் ஒரு வெள்ளைத் தாளில் கறுப்பு மார்க்கரால் எழுதினேன். ஆபீஸ் கோந்தைத் தடவி அவள் ஒட்டினாள். வைக்கோல் உருவத்தை எரித்தார்கள். வேலையில் உடையாமல் மிஞ்சியிருந்த பச்சை வளையல்களை உடைத்தார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது பேனரைப் பார்த்தேன். தாள் உரிந்து விழுந்துவிட்டது. பழைய தேதி மறுபடியும் தெரிந்தது. எங்கள் ஊர்க் காற்றில் எந்தக் கோந்து நிற்கும்? ஆபீஸுக்குப் போய்ப் புதுத் தாளும் கோந்தும் செல்லோடேப்பும் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். இந்தத் தடவை கெட்டியாக ஒட்டிவிடலாம் என்றேன்.

அவள் என் கையில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"வேணாம் போஸ்ட்டம்மா. இந்தத் தேதியில நான் உப்பு வாரிகிட்டு இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு அவரு செத்தது தாடிக்காரரு வந்த அன்னிக்கு. அப்புறம் நீங்க வந்து சொன்னீங்க, மழக்காலம் வரிக்கும் உசுரோட இருந்தாரு. இப்ப மறுபடியும் செத்துட்டாரு. இதுல எந்தத் தேதிய ஒட்டுவீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோந்து பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வருஷா வருஷம் ஏழுமலைக்கு அவள் படையல் போடுவது தாடிக்காரர் வந்த தேதியில்தான். ஸ்டாம்பு இன்னும் அவளிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை.